மொத்தக் கொலஸ்ட்ரால் 204தானே, அதற்கு மாத்திரையா?

கேள்வி: பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். வயது 46. போன மாதம் எங்கள் பிரிவிலேயே 44 வயது நண்பர் ஒருவருக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறு மாதத்துக்கு முன்புதான் அலுவலக முகாமில் அவருக்கு ஈ.சி.ஜி. நார்மல் என்று சொல்லியிருந்தார்கள். பயந்துபோய் நானும் அடுத்த முகாமில் ரத்தம் கொடுத்தேன். காலையில் ஒரு டீ மட்டும் குடித்திருந்தேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 204, டிரைகிளிசரைடு 268, எச்.டி.எல். 33, வி.எல்.டி.எல். 54, எல்.டி.எல். 117, சுகர் 112. பி.பி. 142/90. பேன்ட் சைஸ் 38. சிகரெட் கிடையாது, மாதத்தில் இரண்டு மூன்று நாள் மது உண்டு. அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு. மருத்துவர் அட்டோர்வாஸ்டாடின் 10 மி.கி. எழுதிக் கொடுத்தார். 200ஐத் தாண்டி நாலு புள்ளிதானே, அதற்குப் போய் ஆயுள் முழுக்க மாத்திரையா என்று இன்னும் தொடங்கவில்லை. முட்டையையும் நெய்யையும் நிறுத்திவிட்டேன். இது போதுமா? டிரெட்மில் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமா?

பதில்: உங்கள் ரிப்போர்ட்டில் நீங்கள் பிடித்துக்கொண்ட எண் 204. அந்தத் தாளிலேயே மிகக் குறைவாகப் பயன்படும் எண்ணும் அதுதான். மொத்தக் கொலஸ்ட்ரால் என்பது வெறும் கூட்டுத்தொகை. ரத்தக்குழாய்ச் சுவரில் போய்ப் படிகிற எல்.டி.எல்., வி.எல்.டி.எல். போன்ற வகைகளும் அதில் அடக்கம், படியாத எச்.டி.எல்.லும் அடக்கம். ஆணுக்கு எச்.டி.எல். 40க்குக் கீழே போனால் குறைவு என்கிறோம், உங்களுக்கு 33. எச்.டி.எல். குறைந்தால் கூட்டுத்தொகையும் சேர்ந்து குறையும். அதனால்தான் உங்கள் தாள் பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கிறது.

பேனாவை எடுத்து ஒரு கழித்தல் போடுங்கள்: 204இலிருந்து 33 போனால் 171. இதற்கு நான்-எச்.டி.எல். என்று பெயர். படியக்கூடிய கொலஸ்ட்ரால் அத்தனையும் இந்த ஒரே எண்ணில் வந்துவிடும். லேப் அச்சடிக்காவிட்டாலும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம், கூடுதல் காசு இல்லை. பக்கத்து மேஜைக்காரருக்கு மொத்தம் 226, எச்.டி.எல். 66 என்று வைத்துக்கொள்வோம். முகாமில் சிவப்பு மையால் வட்டம் போடுவது அவர் தாளில்தான். ஆனால் அவருடைய நான்-எச்.டி.எல். 160, உங்களுடையதைவிடக் குறைவு.

'எல்.டி.எல். 117தானே, பரவாயில்லை' என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலான லேப்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை. 1972இல் வெளியான ஃப்ரீட்வால்ட் சூத்திரத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடை 5ஆல் வகுத்து வி.எல்.டி.எல். என்று எழுதுவார்கள். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் இந்த வி.எல்.டி.எல்.லையும் கழித்தால் எல்.டி.எல். உங்கள் தாளில் 268ஐ 5ஆல் வகுத்துப் பாருங்கள், 54 வரும். டிரைகிளிசரைடு ஏற ஏற இந்தக் கணக்கு எல்.டி.எல்.லைக் குறைத்துக் காட்டும். 400ஐத் தாண்டினால் கணக்கே செல்லாது.

அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. டிரைகிளிசரைடு கூடி எச்.டி.எல். குறைந்த உடம்பில் எல்.டி.எல். துகள்கள் சிறுத்துப்போகும், எண்ணிக்கையில் பெருகும். ஒரே சரக்கைப் பத்து லாரியில் ஏற்றுவதற்குப் பதில் முப்பது டெம்போவில் ஏற்றி அனுப்புவது போல. 117 என்பது சரக்கின் எடை மட்டும். சுவரில் போய் முட்டுவது வண்டிகள். அந்த வண்டிகளை எண்ணுவதற்கு ஏபோ-பி என்ற பரிசோதனை இருக்கிறது. அதற்குச் செலவழிக்க மனமில்லையென்றால் நான்-எச்.டி.எல்.லே போதும்.

இது உங்கள் ஒருவருடைய விசித்திரம் இல்லை, நம் ஊர் ரத்தத்தின் வழக்கமான வார்ப்பே இப்படித்தான். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் மக்களிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய இண்டியாப் ஆய்வின் முடிவு 2014இல் வந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியிருந்தவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். எச்.டி.எல். குறைந்தவர்கள் 72 பேர். ஏதாவது ஒரு கோளாறாவது இருந்தவர்கள் 79 பேர். மொத்தத்தை மட்டும் பார்த்து வடிகட்டும் முகாம் எத்தனை பேரை 'நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்பிவிடும் என்று யோசித்துப் பாருங்கள். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த நடுவயது 53. மற்ற நாட்டவர்களுக்கு 59. உங்கள் அப்பாவின் 52ஐயும் நண்பரின் 44ஐயும் இந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இனி அந்த டீ. சர்க்கரை போட்ட ஒரு பால் டீயால் டிரைகிளிசரைடு 268க்கு ஏறிவிடாது. வெறும் வயிற்றில் 150க்கும், சாப்பிட்ட பிறகு எடுத்தாலும் 175க்கும் கீழே இருக்க வேண்டியது அது. மொத்தம், எச்.டி.எல்., நான்-எச்.டி.எல். மூன்றும் சாப்பாட்டால் பெரிதாக மாறாது. ஆனால் சுகர் 112ஐ இந்த டீயோடு வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. வெறும் வயிற்றில் 112 என்றால் சர்க்கரை நோயின் வாசற்படி, டீ குடித்த பிறகு என்றால் அதற்கு அர்த்தமே வேறு. மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. எடுத்துவிடுங்கள். 5.7க்குக் கீழே நார்மல், 6.4 வரை வாசற்படி, 6.5 ஆனால் சர்க்கரை நோய் (இன்னொரு முறை எடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும்).

கொலஸ்ட்ராலைத் திரும்ப எடுக்கும்போது 10 முதல் 12 மணி நேரம் வயிறு காலியாக இருக்கட்டும். தண்ணீர் குடிக்கலாம். டெஸ்ட்டுக்கு முந்தைய மூன்று நாளும் மது வேண்டாம். முந்தைய இரவு கல்யாண விருந்து, பிரியாணி என்றால் டெஸ்ட்டைத் தள்ளிப்போடுங்கள். காய்ச்சல் வந்து எழுந்த கையோடும் எடுக்க வேண்டாம், உடம்பு சரியில்லாதபோது எல்.டி.எல். பொய்யாக இறங்கியிருக்கும். அதே ரத்தத்தில் தைராய்டுக்கு டி.எஸ்.எச்., கல்லீரலுக்கு ஏ.எல்.டி., சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். தைராய்டு மந்தமாக இருந்தால் கொலஸ்ட்ரால் ஏறும். தைராய்டைச் சரிசெய்தால் பாதிப் பிரச்சினை தானாக இறங்குவதும் உண்டு. இன்னொன்றை வாழ்நாளில் ஒரே ஒரு தடவை எடுத்தால் போதும்: 'எல்.பி. லிட்டில் ஏ' என்று கேட்டால் லேபில் புரியும். இது பரம்பரையாக வருவது. சாப்பாடோ நடையோ இதை அசைக்காது. அப்பாவுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்த உங்களைப் போன்றவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது. 50 மி.கி.க்கு மேலே இருந்தால் மற்ற எல்லாவற்றையும் இன்னும் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும்.

முகாமில் வரிசையில் நின்று எடுத்த 142/90ஐ நான் முழுதாக நம்ப மாட்டேன், ஒதுக்கவும் மாட்டேன். மேல்கையில் கட்டும் பி.பி. கருவி ஒன்று வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். காப்பி குடித்து அரை மணி ஆகியிருக்கட்டும். சாய்ந்து உட்கார்ந்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, கையை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு எடுங்கள். காலை இரண்டு, மாலை இரண்டு என ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாள்களுக்குச் சராசரி போடுங்கள். வீட்டுச் சராசரி 135/85ஐத் தொட்டால் அது ரத்தக்கொதிப்புதான்.

பேன்ட் சைஸ் 38 என்பது இடுப்பளவு ஆகாது. நாம் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடுகிறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் அளந்து பாருங்கள். 38 அங்குலத்தைவிடக் கூடுதலாகவே வரும். நம்மவர்களில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ.தான் வரம்பு. 38 அங்குலமே 96 செ.மீ.யைத் தாண்டிவிடும்.

இடுப்பு, டிரைகிளிசரைடு 150க்கு மேல், எச்.டி.எல். 40க்குக் கீழ், பி.பி. 130/85க்கு மேல், வெறும் வயிற்றுச் சுகர் 100க்கு மேல். இந்த ஐந்தில் மூன்று இருந்தாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறோம். உங்களுக்கு மூன்று உறுதி, பி.பி. ஏறக்குறைய உறுதி, சுகர் சந்தேகம். அதோடு 45 தாண்டிய வயது, அப்பாவின் மாரடைப்பு. உங்கள் மருத்துவர் இந்தக் கூட்டணியைப் பார்த்துத்தான் மாத்திரை எழுதியிருக்கிறார். 200ஐத் தாண்டிய அந்த நாலு புள்ளி அவர் கண்ணிலேயே பட்டிருக்காது. நானாக இருந்தாலும் எழுதியிருப்பேன்.

எவ்வளவு இறக்க வேண்டும்? இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலில் எந்தச் சிக்கலும் இல்லாதவருக்கு எல்.டி.எல். 100க்குக் கீழே, நான்-எச்.டி.எல். 130க்குக் கீழே. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு போன்றவை உள்ளவர்களுக்கு 70, 100. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு 55, 85. உங்கள் நண்பருக்குக் கடைசி வரிசை. நீங்கள் குறிவைக்க வேண்டியது நடு வரிசையை. 171 என்ற நான்-எச்.டி.எல். 100க்கு வர வேண்டும்.

அட்டோர்வாஸ்டாடின் 10 மி.கி. எல்.டி.எல்.லை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே குறைக்கும். 117 ஏறத்தாழ 74 ஆகும். டிரைகிளிசரைடை உணவாலும் நடையாலும் 150 பக்கம் கொண்டுவந்தால் வி.எல்.டி.எல். 30. இரண்டையும் கூட்டினால் 104, இலக்குக்கு வெகு அருகில். அதாவது மாத்திரை மட்டும் போதாது, பத்தியம் மட்டும் போதாது. கணக்கே அப்படித்தான் அமைந்திருக்கிறது. கடைசியில் எட்டாமல் நின்றால் மருத்துவர் அளவைக் கூட்டுவார். ஆனால் ஸ்டாடினை (அட்டோர்வாஸ்டாடின் சேர்ந்த மருந்துக் குடும்பத்தின் பெயர் இது) இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது 6 விழுக்காடு மட்டுமே. அந்த இடத்தில் எசிடிமைப் என்ற வேறு வகை மாத்திரை 10 மி.கி. சேர்த்தால் 20 விழுக்காடு வரை இறங்கும். எல்.டி.எல். 39 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டுக் கண்டது.

இந்த மாத்திரையை எந்த நேரத்திலும் போடலாம். ராத்திரிதான் போட வேண்டும் என்பது சிம்வாஸ்டாடின் காலத்துப் பழக்கம். பல் தேய்க்கிற நேரம், சாப்பாட்டு நேரம் என்று மறக்காத நேரத்தோடு கட்டிப்போடுங்கள். தொடங்கி 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி ரத்தம் கொடுங்கள். பத்து நாளில் எடுத்துவிட்டு 'ஒன்றும் குறையவில்லை' என்று விட்டவர்கள் பலர். அவர்களைவிடப் பெரிய கூட்டம், மூன்று மாதத்தில் எல்.டி.எல். 70 ஆனதும் 'சரியாகிவிட்டது' என்று நிறுத்துகிறவர்கள். நிறுத்தினால் சில வாரத்தில் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். கண்ணாடி போட்டால் எழுத்து தெரிகிறது, கழற்றினால் தெரியாது. கண் குணமாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லையே. ஆகவே 'ஆயுள் முழுக்கவா' என்ற கேள்விக்கு என் பதில், பெரும்பாலும் ஆம். எடை நன்றாகக் குறைந்து, பி.பி., சுகர், டிரைகிளிசரைடு எல்லாம் இறங்கினால் மறுபரிசீலனைக்கு இடம் உண்டு. அதை மருத்துவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், நீங்களாக விட்டுப்பார்க்க வேண்டாம்.

தசை வலி வரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வருவது உண்டு, ஆனால் பேச்சு அளவுக்கு இல்லை. பக்கவிளைவால் ஸ்டாடினை விட்ட 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாடின், சில மாதம் மருந்தில்லாத வெற்று மாத்திரை, சில மாதம் எதுவுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2020இல் வந்தது. ஸ்டாடின் மாதங்களில் பட்ட தொந்தரவில் 90 விழுக்காடு வெற்று மாத்திரை மாதங்களிலும் இருந்தது. இருந்தாலும் இரண்டு தொடையும் இரண்டு தோளும் சேர்ந்து வலித்தாலோ, பலமிழந்தாலோ, சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள், தசை பாதிப்பைக் காட்டும் சி.பி.கே. ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்வார். கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்கோ பூஞ்சைத் தொற்றுக்கான மாத்திரையோ வேறொருவர் எழுதிக் கொடுத்தால், ஸ்டாடின் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். வாசற்படியில் நிற்கிறவருக்கு ஸ்டாடினால் சுகர் சற்றே ஏறலாம் என்பது உண்மை. அதற்காக விட்டால் லாபத்தைவிட நஷ்டமே பெரிது. ஆறு மாதத்துக்கு ஒரு எச்.பி.ஏ.1சி. போதும்.

மருந்துக்கடையில் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். அட்டோர்வாஸ்டாடினும் ஆஸ்பிரினும் சேர்ந்த கேப்சூல்கள் புழக்கத்தில் இருக்கின்றன. 'அதேதான் சார், இதயத்துக்கு நல்லது' என்று கைமாறிவிடும். மாரடைப்பே வராத உங்களுக்கு ஆஸ்பிரின் தேவையில்லை. வயிற்றில் ரத்தக்கசிவு வேறு வரவழைக்கும். டிரைகிளிசரைடு 268ஐப் பார்த்து, அதை இறக்கும் ஃபெனோஃபைப்ரேட் மாத்திரை வேண்டுமே என்று யாராவது சொன்னாலும் அவசரப்படாதீர்கள். 500ஐத் தாண்டினால் கணையத்தைக் காப்பாற்ற அது வேண்டும். 268இல் முதல் மருந்து ஸ்டாடின்தான். இதே குடும்பத்து மருந்து ஒன்று டிரைகிளிசரைடை அழகாக இறக்கியும் மாரடைப்பைக் குறைக்கவில்லை என்று 2022இல் தெரிந்துவிட்டது. கடையில் வாங்கும் மீன் எண்ணெய்க் கேப்சூலும் அப்படியே, காசுக்குக் கேடு.

இனி சாப்பாடு. முட்டையையும் நெய்யையும் நிறுத்தியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் என்ன வந்தது? பெரும்பாலான வீடுகளில் முட்டை போன இடத்துக்கு இன்னும் இரண்டு இட்லியோ நாலு மேரி பிஸ்கட்டோ வரும். உங்கள் டிரைகிளிசரைடை ஏற்றியது முட்டை இல்லை. தேவைக்கு மேல் போகும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் டிரைகிளிசரைடாக்கி வெளியே தள்ளுகிறது. அரிசி, மைதா, சர்க்கரை, மது நான்கும் ஒரே வாய்க்காலில் வந்து சேர்கின்றன. தினம் ஒரு முட்டை சாப்பிடலாம், மஞ்சள் கருவோடு. நெய் அரைத் தேக்கரண்டியால் குடி மூழ்காது.

தேர்வுப் பிரிவில் ஒரு நாளைக்கு எத்தனை டீ? நான்கு என்றால், டீக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் 40 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது, டீயிலேயே வரம்பு தாண்டிவிட்டது. பதினொரு மணிக்கு வடை, நாலு மணிக்கு பஜ்ஜி அல்லது பப்ஸ். அந்த எண்ணெய் காலையிலிருந்து கொதிப்பது, அனேகமாகப் பாமாயில், அதில் 40 விழுக்காட்டுக்கு மேல் நிறைகொழுப்பு. எண்ணெயிலும் வனஸ்பதியிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து சட்டம் இருக்கிறது. ஆனால் திரும்பத் திரும்பக் காய்ச்சும் சட்டிக்கு அந்தச் சட்டம் எட்டாது. டீயை இரண்டாக்கி, சர்க்கரையை அரைக் கரண்டிக்கு இறக்குங்கள். இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும். வடைக்குப் பதில் வீட்டிலிருந்து சுண்டலோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ வரட்டும்.

மதியச் சோற்றுக்கு என் யோசனை ஒன்றே: கேரியரின் அடுக்குகளை இடம் மாற்றுங்கள். பெரிய அடுக்கில் சோறும் சின்னக் கிண்ணத்தில் பொரியலும் இருப்பதுதான் வழக்கம். பெரிய அடுக்கில் காய், கூட்டு, கீரை; சின்னதில் சோறு; இன்னொன்றில் பயறு, சுண்டல், மீன், முட்டை இவற்றில் ஒன்று. மத்தி, அயிலை வாரம் இரண்டு நாள் குழம்பாக. பொரித்தால் கணக்கில் சேராது. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பதில் விஷயம் இருக்கிறது, ஆனால் கொள்ளு ரசம் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போகாது. சோறு இருக்க வேண்டிய இடத்தில் கொள்ளு உட்கார்ந்தால்தான் பலன். பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, வினிகரைக் காய்ச்சி 'அடைப்பை நீக்கும்' கஷாயம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது எந்த அடைப்பையும் நீக்காது. குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறார்கள் பாருங்கள், அங்கேதான் ஆபத்து.

எண்ணெய் செக்கா ரீஃபைண்டா என்பதைவிட எவ்வளவு என்பதே கேள்வி. ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நாலு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் மளிகைச் சீட்டில் இருந்தால் அதிகம். 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பாக்கெட்டில் போட்டிருப்பதற்கு மயங்க வேண்டாம், தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய் நல்லவை. தேங்காயெண்ணெயில் 90 விழுக்காடு வரை நிறைகொழுப்பு, தினசரிச் சமையலுக்கு வேண்டாம். சட்னிக்குப் போடும் தேங்காய்த் துருவலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மதுவை மூன்று மாதத்துக்கு அறவே விட்டுவிட்டு டிரைகிளிசரைடு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். சிலருக்கு இது ஒன்றே பாதி வேலை செய்யும்.

உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பு பழைய செய்தி. லண்டன் இரண்டடுக்குப் பேருந்துகளில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களுக்கு, மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களைவிட மாரடைப்பு அதிகம் என்று ஜெர்ரி மோரிஸ் 1953இல் எழுதினார். 1956இல் அவர் குழுவே சீருடைக் கால்சட்டை அளவுகளைத் துருவியது. ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதாக இருந்தது, அதுவும் வேலைக்குச் சேரும்போதே. ஆகவே நாற்காலியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் அதற்கும் பங்கு உண்டு.

உங்களுக்கு வாய்த்திருப்பது பல்கலைக்கழக வளாகம்: மரநிழல், போக்குவரத்து இல்லாத சாலை. ஜிம்முக்குப் பணம் கட்டுகிறவர்களுக்குக்கூட இது கிடைக்காது. நிர்வாகக் கட்டடத்திலிருந்து துறைக்குக் கோப்போடு போவதற்கு வண்டியை எடுக்காதீர்கள். மதியம் சாப்பிட்டதும் 15 நிமிடம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சுகரும் டிரைகிளிசரைடும் மட்டுப்படும். காலையில் 30 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில், வாரம் ஐந்து நாள். வாரம் இரண்டு நாள் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது என்று தசைக்கும் வேலை கொடுங்கள். மதிப்பெண் பதிவு, முடிவு வெளியீடு என்று ராத்திரி ஒன்பது வரை உட்காரும் வாரங்களில் நடை நின்றுபோகும், பரோட்டாவும் வரும். அந்த வாரங்களில் அரை மணிக்கு ஒரு முறை மூன்று நிமிடம் எழுந்து நடந்தாலும் போதும், முழுதாக விட்டுவிடாதீர்கள். எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே, 80 கிலோக்காரருக்கு 4 கிலோ, டிரைகிளிசரைடு கண்ணுக்குத் தெரிய இறங்கும். எச்.டி.எல். மெதுவாகத்தான் ஏறும், 33 ஒரு வருடத்தில் 37 ஆனால் அதுவே நல்ல விளைச்சல். அதை ஏற்றுவதற்கென்று மாத்திரை தேட வேண்டாம்.

டிரெட்மில்லுக்கும் நண்பரின் 'நார்மல்' ஈ.சி.ஜி.க்கும் பதில் ஒன்றுதான். ஓய்வில் எடுக்கும் ஈ.சி.ஜி. அந்தச் சில நொடியின் மின்னோட்டத்தைக் காட்டும், குழாயின் சுவரைக் காட்டாது. டிரெட்மில் பிடிப்பது 70 விழுக்காடு அளவுக்கு அடைத்த குழாயை. மாரடைப்புகளில் பல, குழாயை 30, 40 விழுக்காடு மட்டுமே அடைத்திருந்த கொழுப்புப் படிவு திடீரென்று வெடித்து அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகின்றன. அதற்கு முதல் நாள் டிரெட்மில்லில் ஓடியிருந்தாலும் 'நெகட்டிவ்' என்றே எழுதியிருப்பார்கள். மாடி ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ, முன்பில்லாத மூச்சிரைப்போ இருந்தால் டெஸ்ட் தேவை. ஒன்றும் இல்லாதபோது எடுத்து வரும் 'நெகட்டிவ்' உங்களுக்குத் தரப்போவது பொய்யான தைரியம். மாத்திரை விஷயத்தில் மனம் இன்னும் ஒப்பவில்லையென்றால் சி.டி. கால்சியம் ஸ்கோர் கேட்டுப் பாருங்கள். ஊசி கிடையாது, சில நிமிட வேலை. 100ஐத் தாண்டினால் விவாதத்துக்கே இடமில்லை. பூஜ்யம் வந்தால் சற்று அவகாசம் எடுத்து உணவிலும் நடையிலும் பார்க்கலாம் என்று சில மருத்துவர்கள் சொல்வார்கள்.

உங்கள் பிரிவில் இதைப் படிக்கும் பெண் ஊழியர்களுக்கு: எச்.டி.எல். வரம்பு உங்களுக்கு 50. கர்ப்பகாலத்தில் சுகரோ ரத்தக்கொதிப்போ வந்திருந்தால், அது முடிந்துபோன கதை என்று நினைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், இதயக் கணக்கில் அது சேரும். குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தால் ஸ்டாடின் தொடங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

முகாம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு சொல். லண்டன் அரசு ஊழியர்களிடம் நடந்த ஒயிட்ஹால் ஆய்வில், கடைநிலை ஊழியர்கள் இதயநோயால் இறந்தது உயரதிகாரிகளைப் போல மூன்று மடங்குக்கு மேல். புகை, பி.பி., கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் சேர்த்தும் அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியைத்தான் விளக்க முடிந்தது. நம் வளாகங்களில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர், இரவுக் காவலர், ஓட்டுநர் பெயர்கள் பல முகாம் பட்டியல்களில் இருப்பதே இல்லை.

கடைசியாக, அலுவலகத்தில் யாருக்காவது நெஞ்சின் நடுவே பாரம் வைத்ததுபோல் இருந்து, இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் அதை 'கேஸ்' என்று சோடா கொடுத்து உட்கார வைக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். அவரை வண்டி ஓட்ட விடாதீர்கள், மாடி இறங்க வைக்காதீர்கள், நாற்காலியோடு தூக்குங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை இல்லாதவர் என்றால் 300 மி.கி. மென்று விழுங்கட்டும். பெரிய மருத்துவமனை தூரமென்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8 என 14 மாத்திரை கொடுத்து மேலே அனுப்புவார்கள். அந்த எட்டு, உங்கள் மேஜை இழுப்பறையில் பிரிக்காமல் கிடக்கிற அதே 10 மி.கி.தான்.